ஐந்து நாற்பது காய்ச்சல்

தை மாத முகூர்த்த நாளில் திருத்தணிக்குப் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் கொஞ்சம் மிரண்டுதான் போவார்கள். ஒரே மலையில் ஒரே காலையில் இத்தனை கல்யாணமா என்று. மேளக்காரர்கள் ஒருவர் வாசிப்பை ஒருவர் அமுக்கப் பார்ப்பார்கள். மாலை ஏற்றி வந்த வண்டியும் சாப்பாடு ஏற்றி வந்த வண்டியும் மூக்கோடு மூக்கு உரசி நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் வேறு யாரோ பெண் வீட்டாரோடு பத்துப்படி ஏறிவிட்டு, முகம் பார்த்துத் திடுக்கிட்டு இறங்கி வருவார்கள். அந்தக் கூட்டத்தில் மை கலையாமல், வியர்வையிலும் முகம் திட்டுத்திட்டாகாமல் ஒரு மணப்பெண் போனால், "இது துர்கா கை" என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள்.

துர்காவுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மருந்துக் கடையின் மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். வாய் ஓயாது. சிரிப்பு அதைவிட ஓயாது. மணப்பெண்ணுக்குக் கண்மை தீட்டும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பாள். அந்த அரை நிமிடத்தைப் பார்த்தவர்கள் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்ததுண்டு. அவளோடு கூட்டாகத் தொழில் செய்தவள் கிரேஸ். புடவை மடிப்பு எடுப்பதும் தலைப்பூ வைப்பதும் கிரேஸ் வேலை. துர்காவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவள். எந்தப் புடவையையும் ஐந்து நிமிடத்தில் கட்டிவிடுவாள், பட்டு என்றால் ஏழு.

துர்காவின் கணவன் இளம்பரிதிக்கு அரக்கோணத்தில் ரயில்வே வேலை, சிக்னல் பிரிவில். சொந்த மாமன் மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவன் பேச்சு ரொம்பக் குறைவு. பேசினாலும் பெரும்பாலும் மணி சொல்வான். "ஏழு இருபத்திரண்டு ஆவுது, கிளம்பறேன்" என்பதுதான் அவன் காலையில் பேசும் நீளமான வாக்கியம். மகள் மோனிஷா ஆறாம் வகுப்பு. அவள் அம்மாவையும் அப்பாவையும் சரிபாதியாகக் கலந்து பிறந்தவள். மணி சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.

அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு துர்காவுக்குத் தொண்டை வலி வந்தது. பேசிப்பேசியே வந்ததுதான் என்று கிரேஸ் சொன்னாள். நான்கு நாளில் மாலைக் காய்ச்சல் ஒன்று சேர்ந்துகொண்டது. காலையில் எழுந்தால் காய்ச்சல் இல்லை. ஆனால் இரண்டு மணிக்கட்டும் இறுகிப்போய், பல் துலக்கப் பிரஷைப் பிடிப்பதற்கே பத்து நிமிடம் ஆனது. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. வெந்நீரில் கையை முக்கி எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

அன்றைய மணப்பெண் நகரியிலிருந்து வந்த தெலுங்குக் குடும்பத்துப் பெண். சுற்றிலும் அத்தைகளும் சித்திகளுமாகப் பதினோரு பேர். துர்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு கண்ணோரத்தில் மையை இழுத்தாள். மணிக்கட்டுக்குள் யாரோ ஊசி சொருகினாற்போல் ஒரு சுளீர். கை எகிறியது. கண்ணோரத்தில் நிற்க வேண்டிய மை, புருவத்தைத் தாண்டிக் காதை நோக்கி ஓடியது.

கிரேஸ் வாயில் வைத்திருந்த ஊக்கு கீழே விழுந்தது.

துர்கா பதறவில்லை. இன்னொரு கண்ணிலும் அதே மாதிரி ஒரு கோட்டைக் காது வரைக்கும் இழுத்தாள். முனையில் சின்னச் சுருள் ஒன்று வைத்து, மேலே மூன்று பொட்டு வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"சால பாகுந்தி!" என்று மூத்த அத்தை தெலுங்கில் மெச்சிக் கையைத் தட்டினாள்.

"இது இன்னா டிசைன்?" என்று மணப்பெண் கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"மயில் மை," என்றாள் துர்கா. "மலைமேல முருகருக்கு மயில் வாகனம் இல்லியா, அதான்."

அடுத்த முகூர்த்தத்துக்கு மூன்று பெண்கள் மயில் மை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். கிரேஸும் அவளும் மருந்துக் கடைப் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார்கள். அப்புறம் கிரேஸ் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். சுட்டது. வீங்கியும் இருந்தது.

"நாளைக்குக் காலைல டாக்டராண்ட போறோம்," என்றாள் கிரேஸ். "நீ இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்."

சிக்கல் அந்தக் "காலையில்" தான் இருந்தது. காலை பத்து மணிக்கு துர்காவுக்குக் காய்ச்சல் இருக்காது. டாக்டர் தெர்மாமீட்டர் வைத்தார், தொண்ணூற்றெட்டு. உடம்பில் சிவப்பாக ஏதோ படர்கிறது என்றாள். எங்கே காட்டுங்கள் என்றார். கையைத் தூக்கினாள், கழுத்தைத் திருப்பினாள். ஒன்றுமே இல்லை, பால் மாதிரி இருந்தது தோல்.

"சாயந்திரம் வருது சார்."

"சாயந்திரம் நான் இருக்க மாட்டேனேம்மா," என்றார் அவர் பாவமாக.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. காய்ச்சலும் தொண்டை வலியும் வெள்ளை அணுவும் சேர்ந்து வந்தால் கிருமி என்றுதான் யாரும் நினைப்பார்கள். டைபாய்டு என்று ஏழு நாள் ஊசி. பிறகு வேறு ஒரு மாத்திரை. பிறகு டெங்கு இல்லை, மலேரியா இல்லை, எலிக் காய்ச்சல் இல்லை என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனார். பக்கத்துக் கடைக்காரர்கள் திருஷ்டி என்றார்கள். ஆயிரம் மணப்பெண்ணைத் தொட்ட கை, கண்ணு படாமல் இருக்குமா என்றார்கள். பூசணிக்காய் சுற்றி நடுரோட்டில் உடைத்ததில் பைக்கில் வந்த ஒருவர் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். மணவூரிலிருந்து துர்காவின் அப்பா ஒரு கூடை கொய்யாவோடு வந்து, மகளைப் பார்த்துவிட்டு, கொய்யாவைக் கொடுக்கவும் மறந்து நின்றார். "உள்ள வா நைனா, எனக்கு ஒண்ணும் இல்ல," என்று அவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது.

இந்தக் காய்ச்சலுக்கு ஒரு குணம் இருப்பதை முதலில் கவனித்தவன் இளம்பரிதி. மூன்றாம் வாரம் அவன் ஒரு சின்ன நோட்டை எடுத்து, டியூட்டியில் எழுதுகிற மாதிரியே எழுத ஆரம்பித்தான். தேதி, குளிர் தொடங்கிய மணி, உச்சம், இறங்கிய மணி.

"துர்கா," என்றான் ஒருநாள். "உன் காய்ச்சல் அஞ்சு நாப்பதுக்கு வருது."

"அப்டியா?"

"தெனம். ஒரு நாள் அஞ்சு முப்பத்தெட்டு. ஒரு நாள் அஞ்சு நாப்பத்தி நாலு. எட்டு மணிக்கெல்லாம் எறங்கிடுது." சற்று யோசித்தான். "நம்ம லைன்ல எந்த வண்டியும் இவ்ளோ கரெக்டா வர்றதில்ல."

அவள் சிரித்தாள். சிரித்ததில் விலா வலித்தது. அந்த நாட்களில் எடை ஏழு கிலோ குறைந்திருந்தது. முழங்கால்கள் இரண்டும் இளநீர் மாதிரி வீங்கியிருந்தன. மாடிப்படி ஏற முடியாமல் பார்லரைக் கிரேஸிடம் விட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். ஒருநாள் கண்ணாடியின் முன் உட்கார்ந்து, முகத்துக்குப் போடலாம் என்று பிரஷை எடுத்தவள் அதைப் பிடிக்க முடியாமல் கீழே வைத்தாள். அன்று மட்டும் சிரிக்கவில்லை.

கடைசியில் அந்த டாக்டரே சொன்னார். "டி.பி. மருந்து ஆரம்பிக்கலாமான்னு யோசிக்கிறேன்மா. ஆனா எனக்கு மனசு ஒப்பல. எனக்குப் புரியாத ஒண்ணு இது. மெட்ராஸ் போயிடுங்க." புரியவில்லை என்று ஒரு டாக்டர் வாயால் கேட்டது துர்காவுக்கு என்னவோ பெரிய ஆறுதலாக இருந்தது. அவள் அவரைக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் கிருமியைத் தேடினார்கள். ரத்தத்தை எடுத்துப் புட்டியில் ஊற்றி ஏதாவது வளர்கிறதா என்று காத்திருந்தார்கள். வளரவில்லை. இதயத்தில் ஒளிந்திருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. வயிற்றில் பார்த்தார்கள், மண்ணீரல் கொஞ்சம் பெரிது, கிருமி இல்லை. முழங்காலிலிருந்து நீர் எடுத்தார்கள். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். மஜ்ஜை எடுத்த அன்று இளம்பரிதி வராந்தாவில் ஒரு நர்ஸிடம், புற்றுநோய்க்காகவா இது என்று கேட்டதை துர்கா கேட்டுவிட்டாள். மோனிஷாவுக்கு யார் தலைபின்னி விடுவார்கள் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பாவாவுக்கு இரட்டைப் பின்னல் வராது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மஜ்ஜையிலும் ஒன்றும் இல்லை என்று மூன்றாம் நாள் சொன்னார்கள்.

மாலையில் படரும் சிவப்பை ஒரு இளம் டாக்டர் ஒருமுறை பார்த்தார். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஆன்டிபயாடிக்கை மாற்றினார். மறுநாள் மாலையும் சிவப்பு தன் நேரத்துக்கு வந்தது.

பத்தாம் நாள் காலை, மூட்டுவாதப் பிரிவிலிருந்து டாக்டர் காஞ்சனா வந்தார். குள்ளமாக, கலைந்த கொண்டையோடு, நாற்பது வயதிருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு முதலிலிருந்து கேட்டார். துர்காவுக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தால் போதாதா! தொண்டை வலியில் தொடங்கி நகரிப் பெண், மயில் மை, பூசணிக்காயில் வழுக்கியவர் வரைக்கும் சொன்னாள். டாக்டர் எதையும் நிறுத்தவில்லை. மயில் மைக்குச் சிரித்தார்.

"அந்தத் தடிப்பு இப்ப இருக்கா?"

"காலைல இருக்காது மேடம். அது காய்ச்சலோடதான் வரும், காய்ச்சலோட போயிடும். அரிப்பு கூட இல்ல."

"என்ன நிறம்? சிவப்பா?"

துர்காவுக்கு அந்தக் கேள்வி கொஞ்சம் அவமானமாகவே பட்டது. நிறத்தைப் பற்றி அவளிடமா?

"சிவப்பு எப்டி மேடம் சொல்றது. ரோஸும் இல்ல. பவளம்னா இன்னும் ஆரஞ்சு அடிக்கணும். பீச்னா வெளுத்துடும்." கண்ணை மூடி யோசித்தாள். "சால்மன். என் லிப்ஸ்டிக் பெட்டில பதினாலாம் நம்பர். மாநிறத்துப் பொண்ணுங்களுக்கு ரிசப்ஷனுக்குப் போடுவேன், நல்லா எடுத்துக் காட்டும்."

டாக்டர் காஞ்சனா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பின்னால் நின்ற இரண்டு மாணவிகளைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் இருவரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள்.

"மறுபடி சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"சால்மன், மேடம்."

"எங்க புத்தகத்துல அப்படியே அந்த வார்த்தைதான்மா போட்டிருக்கு! பதினஞ்சு வருஷமா படிச்சுட்டும் சொல்லிக்கொடுத்துட்டும் இருக்கேன். ஒரு பேஷண்ட் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்." அவர் எழுந்தேவிட்டார். "காய்ச்சல் எத்தனை மணிக்கு வருதுன்னு சொல்ல முடியுமா?"

இளம்பரிதி நோட்டை நீட்டினான்.

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முப்பத்தாறு நாள் காய்ச்சல், நிமிடச் சுத்தமாக. "சார், நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"சிக்னல் மேடம். அரக்கோணம்."

"சாயந்திரம் அஞ்சரைக்கு வரேன்," என்றார் டாக்டர். "அதுவரைக்கும் காய்ச்சல் மாத்திரை எதுவும் குடுக்க வேணாம்னு நர்ஸ்கிட்ட சொல்லிடறேன். கொஞ்சம் பொறுத்துப்பீங்களா?"

"பொறுத்துக்கறேன் மேடம்."

அன்று மாலை ஐந்தரைக்கு அந்த வார்டில் நடந்ததை துர்கா இன்றைக்கும் நின்றுகொண்டுதான் சொல்லுவாள், உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது. டாக்டர் காஞ்சனா தனியாக வரவில்லை. பின்னால் மாணவர்களும் மாணவிகளுமாகப் பதினான்கு பேர். சேதி பரவி, அதுவரை அவளைப் பார்த்துவந்த பிரிவின் டாக்டர்கள் இரண்டு பேரும் வந்து கதவோரம் நின்றார்கள். பக்கத்துக் கட்டில் நோயாளிகள் தலையணையை முட்டுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்தார்கள். திருத்தணியிலிருந்து பார்க்க வந்திருந்த கிரேஸ், என்ன ஏது என்று புரியாமல் கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். இளம்பரிதி கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஐந்து நாற்பது ஆனது. காய்ச்சல் வரவில்லை.

ஐந்து நாற்பத்தைந்து. வரவில்லை.

எல்லோரும் துர்காவையே பார்த்தார்கள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பெண் பார்க்க வந்த வீட்டில் மகளை உள்ளே தேடினால் காணோம் என்கிற மாதிரி. "தெனம் வரும் மேடம், சத்தியமா வரும்," என்றாள். "இன்னிக்கு ஆளுங்களப் பாத்து வெக்கப்படுது போல."

ஒரு மாணவன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். ஐந்து ஐம்பது. இளம்பரிதி நெற்றியைத் துடைத்தான். அவனுடைய நோட்டின் மானமே போய்விடும் போலிருந்தது.

"ஆண்டவரே, சீக்கிரம் குடும்," என்று கிரேஸ் முணுமுணுத்தாள். என்ன கேட்கிறோம் என்று அப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஐந்து ஐம்பத்தேழுக்கு துர்காவின் பல் கிட்டியது. முதுகில் ஐஸ் தண்ணீர் இறங்கியது. தோள் உதறியது. "வந்துடுச்சு!" என்று கத்தினாள், சொந்தக்காரரை வாசலில் பார்த்த மாதிரி. "பாவா, வந்துடுச்சு!"

"பதினேழு நிமிஷம் லேட்டு," என்றான் இளம்பரிதி.

வார்டே கையைத் தட்டியது. தெர்மாமீட்டர் நூற்று மூன்று என்றது. போர்வையை மூன்றாக மடித்துப் போர்த்திவிட்டு எல்லோரும் காத்திருந்தார்கள். கால் மணி நேரம் கழித்து மேல்கையில் முதல் திட்டு மலர்ந்தது, பிறகு வயிற்றில், பிறகு முதுகில். மாணவிகள் ஒவ்வொருவராக டார்ச் அடித்துப் பார்த்தார்கள். டாக்டர் காஞ்சனா பேனா மூடியால் முதுகில் லேசாக ஒரு கோடு கீறினார். கீறிய இடத்திலேயே அந்த நிறம் ஒரு கோடாக எழுந்து வந்தது.

"நிறத்தைப் பாத்துக்குங்க," என்றார் மாணவர்களிடம். "என்ன நிறம்?"

"பதினாலாம் நம்பர்!" என்று பதினான்கு பேரும் சொன்னார்கள்.

துர்காவுக்குக் காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. சிரிப்பிலும் தூக்கிப் போட்டது. எது எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏழு வாரமாக அவள் சொன்னதை இத்தனை பேர் ஒரே நேரத்தில் கண்ணால் பார்க்கிறார்கள். அந்தச் சந்தோஷமே அவளுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

டாக்டர் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைப் புதிதாக எழுதினார். உடம்பில் இரும்பைச் சேர்த்து வைக்கும் ஒரு சத்தின் அளவு அது. பெண்களுக்கு இருநூறுக்குள் இருக்கும். துர்காவுக்குப் பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது.

"பழைய இரும்புக் கடையே வெக்கலாமே மேடம்," என்றாள் அவள்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். "இத்தனை நாள் கிருமியைத் தேடினோம்ல, அது தப்பில்ல. இந்த நோய் பாக்கறதுக்கு அப்படியே கிருமிக் காய்ச்சல் மாதிரி இருக்கும். காய்ச்சல், வெள்ளை அணு, தொண்டை, எல்லாம். கிருமி இல்ல, புற்று இல்லன்னு எல்லாத்தையும் தள்ளின பிறகுதான் இதைச் சொல்ல முடியும். உங்க உடம்போட காவல்படை எதிரியே இல்லாம சண்டை போட்டுட்டு இருக்கு. மூட்டுல, தோல்ல, எல்லா எடத்துலயும். இது ஒரு வகை மூட்டு அழற்சி. ஸ்டில்ஸ் நோய்னு பேரு."

"ஸ்டில்லா? கல்யாணத்துல போட்டோக்காரன் எடுப்பானே?"

"அது இல்ல," என்றார் டாக்டர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஸ்டில்னு ஒரு டாக்டர் இருந்தார்."

"பரவால்ல மேடம். நம்ம தொழிலுக்குப் பொருத்தமாத்தான் இருக்கு."

ஆன்டிபயாடிக் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். மறுநாள் காலை ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்தார்கள். அன்று மாலை ஐந்தரை மணிக்கு அவளும் இளம்பரிதியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐந்து நாற்பது போனது. ஆறு போனது. ஆறரைக்கு ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. அவள் உடம்பு சும்மா இருந்தது. ஏழு மணிக்கு இளம்பரிதி நோட்டைத் திறந்து, தேதியைப் போட்டு, ஒரு சின்னக் கோடு கிழித்தான். வண்டி ரத்து என்பதற்கு ரயில்வேயில் போடும் குறி அது. அதன் பிறகு அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். துர்கா அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். பசிக்கிறது என்றாள். நான்கு இட்லி தின்றுவிட்டு இன்னும் நான்கு கேட்டாள்.

இரண்டாம் நாள் காலை மணிக்கட்டு திரும்பியது. மூன்றாம் நாள் முழங்கால் மடங்கியது. நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு நர்ஸ் வந்தபோது, அந்தப் பெண்கள் வார்டில் பன்னிரண்டு நோயாளிகளும் பொட்டும் மையும் பவுடருமாகப் பளபளவென்று கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். துர்கா கிரேஸிடம் சொல்லிப் பெட்டியைக் கொண்டுவரச் செய்திருந்தாள். சர்க்கரை நோய்க்குச் சேர்ந்திருந்த ஒரு ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸுக்கு மயில் மை போட்டிருந்தாள். அவர் கைக்கண்ணாடியைக் கீழே வைக்கவே மாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"தூங்கவே இல்லையா நீங்க?" என்றார் டாக்டர் காஞ்சனா, ரவுண்ட்ஸில்.

"தூக்கமே வர்ல மேடம். ஒடம்பு பூரா பட்டாசு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரியவே தூக்கி வெளிய வெச்சிடலாம்னு தோணுது."

"அதுல கொஞ்சம் மாத்திரையோட வேலை," என்றார் டாக்டர். "மிச்சம் உங்களோடதுன்னு நினைக்கிறேன்." மாத்திரையைக் காலையிலேயே, சாப்பிட்ட பிறகு போட வேண்டும், மெதுமெதுவாகத்தான் குறைக்க வேண்டும், நம் இஷ்டத்துக்குச் சட்டென்று நிறுத்தினால் ஆபத்து என்று மூன்று தடவை சொன்னார். கூடவே இன்னொரு மாத்திரை, வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் போட்டுவிடக் கூடாது, அது போடும் காலத்தில் கர்ப்பம் தரிக்கக் கூடாது, மாதம் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டார்கள். சர்ச் முடிந்து வரும்போது ஞாபகப்படுத்துகிறேன் என்று கிரேஸ் பொறுப்பேற்றுக்கொண்டாள்.

ஊருக்குத் திரும்பினாள். சித்திரை முகூர்த்தத்தில் நான்கு மணப்பெண். வைகாசியில் ஏழு. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லி முடிக்கலாம்தான், ஆனால் துர்கா ஒரு அசட்டுத்தனம் செய்தாள். ஸ்டீராய்டில் முகம் உப்பிப் பௌர்ணமி நிலா மாதிரி ஆகியிருந்தது. ஒரு கல்யாண ஆல்பத்தில், மணப்பெண்ணுக்குப் பின்னால் தன் முகத்தைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் முகம் திருத்துகிறவளுக்குத் தன் முகம் தாங்கவில்லை. யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். இரண்டு நாள் தலைசுற்றலும் வாந்தியுமாக இருந்தது. நான்காம் நாள் மாலை, கிரேஸோடு பூக்கட்டிக்கொண்டிருந்தபோது, பல் கிட்டியது.

கிரேஸ் சென்னைக்குப் போன் செய்து துர்காவிடம் நீட்டினாள். டாக்டர் காஞ்சனா போனிலேயே திட்டிய திட்டு கிரேஸ் காதுக்கும் கேட்டது. "முகம் பெருசா, உயிர் பெருசா? அந்த மாத்திரையைச் சட்டுனு நிறுத்தினா ஒடம்பு தாங்காதுன்னு சொன்னேனா இல்லையா?" திட்டி முடித்து மூச்சு வாங்கினார். "இன்னிக்கே கிளம்பி வாங்க. மருந்து குறையக் குறைய முகமும் குறையும். அதுவரைக்கும் நீங்கதான் பெரிய மேக்கப் ஆர்டிஸ்டாச்சே, ஏதாவது பண்ணிக்கோங்க."

அன்றே போய் மாத்திரையை மறுபடி தொடங்கினாள். முகத்துக்கும் டாக்டர் சொன்னபடியே பண்ணிக்கொண்டாள். கன்னத்தின் ஓரத்தில் நிழல் நிறம், நடுவில் வெளிச்ச நிறம் என்று தினம் காலை பத்து நிமிடம் தன் முகத்தைத் தானே செதுக்கினாள். பார்லருக்கு வரும் குண்டுக் கன்னக்காரிகள் எல்லாம் அதையே கேட்டார்கள். தீபாவளிக்குள் ஸ்டீராய்டு பாதியில் பாதிக்கும் கீழே வந்தது. முகத்தில் பழைய எலும்பு ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தது. மறுபடி வராதா என்று கேட்டால் டாக்டர், "சிலருக்கு ஒரே தடவையோட போயிடும், சிலருக்கு வந்து வந்து போகும். உங்களுக்கு எதுன்னு காலம்தான் சொல்லணும். வந்தா பாத்துக்கலாம்," என்றார். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லும் டாக்டர்களை துர்காவுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

அடுத்த தையில், முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மதியம், கே.ஜி.கண்டிகையில் ஒரு நலங்கு. துர்காவும் கிரேஸும் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது கண்டிகை டவுன் பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம். ஆட்டோக்காரர்கள் எல்லாம் மலைக்குப் போயிருந்தார்கள்.

"ஓல்டான், ஓல்டான்!" என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு துர்கா ஓடினாள். ஒரு கையில் மேக்கப் பெட்டி, இன்னொரு கையில் புடவைக் கொசுவம். பழக்கடையைச் சுற்றி, ஒரு ஆட்டைத் தாண்டி, செருப்பு ஒன்று கழன்று, அதைத் திரும்பி எடுத்து, மறுபடி ஓடினாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தார். அவள் பெட்டியை உள்ளே வீசிவிட்டுப் படியில் தாவி ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்த கிரேஸுக்குக் கையை நீட்டினாள்.

கிரேஸ் பூப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து ஏறினாள். ஏறியதும் துர்காவின் முழங்காலைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"நீ ஓடுன," என்றாள்.

"ஆங்?"

"அட, ஓடுனடீ நீ! ஆட்ட வேற தாண்டுன!"

துர்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். ஒரு வருடமாக ஒவ்வொரு படிக்கும் அந்த முழங்காலிடம் அனுமதி கேட்டுத்தான் காலை வைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குக் கேட்க மறந்தே போயிருந்தது. அவளுக்கு முதலில் வயிற்றில் ஒரு குலுக்கல் வந்தது, அப்புறம் தோளில், அப்புறம் அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கிரேஸும் தொற்றிக்கொண்டு, இரண்டு பேரும் படிக்குப் பக்கத்து சீட்டில் பொத்தென்று விழுந்தார்கள். பூப்பை அவிழ்ந்து மல்லிகை தரையெல்லாம் ஓடியது. முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்து, காரணம் தெரியாமலேயே அவளும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரு. எங்கம்மா?" என்றார் கண்டக்டர், இலவச டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே.

"கண்டிகை," என்று சொல்ல துர்காவுக்கு மூன்று முறை ஆனது.